வண்டு இல்லாத கம்பு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தில் நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அறையில் எத்தனை டிகிரி வெப்பம் வேண்டும், ஒரு ட்ரேக்கு எத்தனை முட்டை என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். பூச்சி கூட்டமாகச் செத்தால் என்ன காரணம் என்று தேடுங்கள், யார் காரணம் என்று தேடிக்கொண்டு போகாதீர்கள். இதைத்தான் சொல்ல வந்தேன். நானே ஒரு தடவை ஆளைத் தேடிக் கண்டுபிடித்து, பழியை அவள் தலையில் கட்டி, கீழே கையெழுத்தும் போட்டவள்.

போன மாதம் உங்கள் பூச்சிக்கூடத்துக்கு வந்தபோது மேசையில் கிடந்த ரிப்போர்ட் படிவங்களைப் புரட்டினேன். ‘இழப்புக்குக் காரணம்’ என்ற கட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் ‘ஹியூமன் எரர்’ என்று எழுதியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த ஹியூமன்? கையுறை போட்டவள் மட்டும்தான் ஹியூமனா? கேபினில் உட்கார்ந்திருப்பவர் தேவலோகத்திலிருந்து வந்தவரா? நீங்கள் டீ கொடுத்தீர்கள், பிஸ்கட் கொடுத்தீர்கள். ரிட்டையர் ஆனவள் வந்த இடத்தில் சண்டை போடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை, அதனால் அதோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் பூச்சிக்கூடம் பம்பாயில், செம்பூரில் ஒரு பழைய தொழிற்சாலையின் பின்கட்டில் இருந்தது. பயிரைத் தின்னும் பூச்சியைத் தின்கிற பூச்சியை வளர்த்து விவசாயிக்கு அனுப்புவது தொழில். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி என்று அதற்கு நீளமாக ஒரு பேர், கூடத்தில் எல்லோருக்கும் ‘கிரைசோ’. அதன் புழு அசுவினியையும் மாவுப்பூச்சியையும் பிடித்து உறிஞ்சிவிடும். அந்தப் புழுவுக்கு நாம் போடும் தீனி அந்துப்பூச்சியின் முட்டை. அந்து வளர்வது கம்பு தானியத்தில். கம்பு கெட்டால் அந்து இல்லை, அந்து இல்லையென்றால் முட்டை இல்லை. முட்டை கிடைக்காத கிரைசோ புழு பக்கத்தில் இருக்கும் இன்னொரு கிரைசோ புழுவைத் தின்ன ஆரம்பித்துவிடும். கூடப் பிறந்ததாயிற்றே என்று பார்க்காது.

கம்பு வாங்குவதில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மூட்டையில் உயிரோடு வண்டு ஊர வேண்டும். வண்டு ஊராத கம்பைத் தொடமாட்டோம். உல்லாஸ்நகரில் நாங்கள் வாங்கும் தானியக் கடைக்காரர் சிந்திக்காரர், என்னைப் பார்த்தாலே சிரிப்பார். “மேடம், சாரா பம்பாய் கீடா தேக்கே பாக்தா ஹை, ஆப் கீடா தேக்கே மால் லேதி ஹோ” என்பார். ஊரெல்லாம் பூச்சியைப் பார்த்து ஓடுகிறது, நீ பூச்சியைப் பார்த்துத்தான் சரக்கே எடுக்கிறாய் என்று கேலி. சிரித்தால் சிரிக்கட்டும். வண்டு உயிரோடு இருக்கிறது என்றால் அந்தக் கம்பில் மருந்து படவில்லை. வண்டை அடுப்புச் சூட்டில் கொன்று சலித்து எடுத்துவிடலாம். மருந்தை எந்தச் சல்லடையில் சலிப்பது?

இந்த வழக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு காலத்தில் யாரோ கை சுட்டுக்கொண்டு கண்டுபிடித்தது, நாங்கள் விடாமல் வைத்திருந்தோம்.

கூடத்துக்கு இன்சார்ஜாக இருந்த நான் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது ஒரு புது மேனேஜர் வந்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர். நல்ல படிப்பு, நல்ல இங்கிலீஷ், கசங்காத சட்டை. வெளிநாட்டிலிருந்து யாரோ கூடத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு வாரமாகச் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். கம்பு வைத்திருக்கும் அறைக்குள் அவர் போனபோது, ஒரு வண்டு மூட்டையிலிருந்து இறங்கி அவருடைய சட்டைக் கைக்குள் ஊர்ந்துவிட்டது. மனிதர் ஒரு குதி குதித்தார்.

“மேடம், என்ன இது? கிளீன் கிரெயின் வாங்கக் கூடாதா? பார்க்கறவங்க நம்மள என்ன நெனப்பாங்க?” என்றார்.

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சார், வண்டு இருந்தால்தான் நமக்கு நல்ல கம்பு என்று. சொன்னால் இரண்டு நிமிஷம். ஆனால் அவர் வெள்ளை அடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், எனக்கும் அன்று முட்டி வலி. “சரி சார்” என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷ அனுபவம் அந்த “சரி சார்” முன்னால் வாயைப் பொத்திக்கொண்டது.

புதுக் கம்பு வந்தது. வெள்ளைச் சாக்கு, அதில் நீல எழுத்து, கூடவே ஒரு சர்டிபிகேட். கம்பு ஒவ்வொன்றும் கழுவித் துடைத்து வைத்த மாதிரி பளபளவென்று இருந்தது.

மூட்டையைப் பிரித்தவள் செல்வி. எங்கள் கூடத்தில் அப்போது ஆறு பெண்கள், ஆறு பேரும் தாராவி, ஆறு பேரும் கான்ட்ராக்ட். செல்வியின் அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், என் வீட்டார் மாதிரியேதான். நானும் தாராவியில் பிறந்தவள். டிகிரியும் வேலையும் வந்தபிறகு செம்பூருக்கு ஜாகை மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். செல்விக்குக் கை சுத்தம். அந்து முட்டையைக் கம்பில் தூவுவதை நாங்கள் ‘ட்ரே போடுவது’ என்போம். அவளைப் போல ட்ரே போட இன்னொரு ஆள் கிடையாது.

அவள் அன்றுதான் லீவு முடிந்து வந்திருந்தாள். அவள் மகளுக்கு அம்மை போட்டிருந்தது. தலைக்குத் தண்ணீர் விட்டாயிற்று, பிள்ளை எழுந்து நடக்கிறது என்று முகமெல்லாம் மஞ்சளும் சிரிப்புமாக வந்தாள். பையில் ஒரு வேப்பங்கொத்து இருந்தது. பையை வெளியே மாட்டிவிட்டு, கை கழுவி, மேலங்கி போட்டுக்கொண்டு உள்ளே வந்து, முழங்கை வரை கையை மூட்டைக்குள் விட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

“யக்கா, ஒரு வண்டுகூட ஊரலியே. இத எடுக்கலாமா?”

“இன்னைக்கு ஒரு நாளாவது சலிக்கிற வேலை மிச்சம்னு சந்தோஷப்படேன்” என்றேன் நான்.

அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை. இருநூறு ட்ரே போட்டாள்.

மூன்றாவது வாரத்தில் ட்ரேயைத் திறந்தால் கம்பு ஒன்றோடொன்று நூலால் பின்னி, மேலே ஒட்டடை படிந்த மாதிரி இருக்க வேண்டும். அந்துப் புழு உள்ளே தின்று வளர்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நான் திறந்த ட்ரேயில் கம்பு அன்று காலையில் கொட்டியது போலக் கிடந்தது. அடுத்ததும் அப்படித்தான். இருபது திறந்தேன், அதற்குமேல் திறக்கப் பிடிக்கவில்லை.

மேனேஜர் கேபினுக்குக் கூப்பிட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஹெட் ஆபீசுக்குக் காரணம் எழுதி அனுப்ப வேண்டும் என்றார்.

“கம்பு புதுசு சார், அதையும் பாக்கணும்” என்றேன்.

“அதுக்கு சர்டிபிகேட் இருக்கு. யார் போட்ட ட்ரே?”

“செல்வி.”

யோசிக்கும் முன்பே அந்தப் பேர் என் வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவர் வருகைப் பதிவைப் பார்த்தார். லீவு எதற்கு என்று கேட்டார். அம்மை என்றேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “அம்மைன்னா வேப்பிலை இல்லையா? வேப்பிலை பூச்சிக்கு ஆகாதே மேடம்!” என்று போனில் தேடி என் முன்னால் நீட்டினார். பார்த்தீர்களா, காரணம் கிடைத்துவிட்டது, அதுவும் விஞ்ஞானக் காரணம்.

நான் விலங்கியல் படித்தவள். வெளியே தொங்கும் பைக்குள் கிடக்கும் ஒரு கொத்து வேப்பிலை, மூடிய கதவுக்குள் இருக்கும் இருநூறு ட்ரேயை ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைச் சொல்லவும் ஆரம்பித்தேன். அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

“அப்போ இன்சார்ஜ் நெக்லிஜென்ஸ்னு உங்க பேரை எழுதட்டுமா மேடம்? உங்களுக்கு ரெண்டு வருஷம்தானே இருக்கு?”

எனக்குப் பயம் வந்தது. வேறு எதுவும் இல்லை, வெறும் பயம். அந்தப் பயத்துக்கு நான் வைத்திருந்த பேர் ‘சூழ்நிலை’. அடுத்து வந்த நாட்களில் அந்தப் பேரில்தான் அதைக் கூப்பிட்டு வந்தேன்.

அவர் கூடத்துக்கு வந்தார். ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தினார். செல்வியின் பையை எடுத்து வரச் சொல்லி, எல்லார் முன்னாலும் கவிழ்த்தார். டிபன் டப்பா, ரயில் பாஸ், சீப்பு, அதோடு காய்ந்து சருகாகிப்போன அந்த வேப்பங்கொத்தும் விழுந்தது. அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். கொலைகாரன் வீட்டில் கத்தியைக் கண்டெடுத்த போலீஸ்காரருக்குக்கூட அத்தனை பெருமை இருக்காது.

“சார், அது புள்ளைக்குத் தண்ணி விட்ட அன்னைக்கு வச்சது. அம்மனுக்குள்ளது. பை வெளியதான தொங்குது, நான் உள்ள கொண்டாரலியே” என்றாள் செல்வி. பிறகு என் பக்கம் திரும்பினாள். “யக்கா, நீங்க சொல்லுங்க.”

நான் ட்ரேயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். ‘பணியாளரின் கவனக்குறைவால் பூச்சிகளுக்குக் கேடான பொருள் உள்ளே வந்தது’ என்று அதில் இருந்தது. செல்வியை மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். செல்வி போய் ஒரு வாரம் கழித்து, அதே புதுக் கம்பில் மும்தாஜ் போட்ட ட்ரேக்களைத் திறந்தேன். மும்தாஜும் அந்த ஆறு பேரில் ஒருத்தி, காயல்பட்டினத்துக் குடும்பம், செல்வியின் அடுத்த சந்து. அவள் வீட்டில் அம்மையும் இல்லை, வேப்பிலையும் இல்லை. அவள் ட்ரேயிலும் கம்பு உதிரி உதிரியாகக் கிடந்தது. மும்தாஜ் ட்ரேயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அரிசி டப்பாவைக் கவிழ்த்தேன். மழைக்காலம், வண்டுக்குப் பஞ்சமில்லை. இருபது வண்டு பிடித்தேன். ஒரு ஜாம் பாட்டிலில் பழைய கம்பு, இன்னொன்றில் புதுக் கம்பு. பத்துப் பத்தாக விட்டுத் துணியால் கட்டிக் கூடத்து ஜன்னலில் வைத்தேன். மூன்றாம் நாள் பழைய கம்பில் பத்தும் ஊர்ந்துகொண்டிருந்தன. புதுக் கம்பில் பத்தும் கால் மேலே தூக்கிக் கிடந்தன.

இரண்டே பாட்டில், மூன்றே நாள். மூட்டை வந்த அன்றே செய்திருந்தால் இருநூறு ட்ரே பிழைத்திருக்கும், செல்வியின் வேலையும் பிழைத்திருக்கும். உங்களுக்கு லட்ச ரூபாய் கருவி வாங்கித் தருகிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஜாம் பாட்டிலையும் தூக்கிப் போடாதீர்கள்.

பாட்டில்களை மேனேஜர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் புத்திசாலி, உடனே புரிந்துகொண்டார். போனை எடுத்து, அங்கேயே, என் முன்னாலேயே, புதுக் கம்பை நிறுத்தி உல்லாஸ்நகருக்கு ஆர்டர் போடச் சொன்னார். “குட் வொர்க் மேடம்” என்றார்.

“செல்வி, சார்?”

“அந்த ஃபைல் க்ளோஸ் ஆயிடுச்சே. இப்ப போய் மாத்தினா ஹெட் ஆபீஸ்ல ரெண்டு பேருக்கும்தான் பிராப்ளம். கான்ட்ராக்ட் ஆள்தானே மேடம், வேற எங்கயாவது போயிடுவாங்க.”

கம்பை மாற்ற அவருக்கு ஒரு நிமிஷம் ஆனது. கம்புதான் காரணம் என்று தெரியாமலா மாற்றினார்? தெரிந்துதான் மாற்றினார். ஒரு மூட்டைக்குக் கிடைத்த நியாயம், முழு மூச்சாக வேலை செய்த ஒரு பொம்பளைக்குக் கிடைக்கவில்லை. ‘வேற எங்கயாவது’ என்றாரே, அந்த எங்கயாவது எது என்று பார்க்கத்தான் அன்று வேலை முடிந்ததும் பாட்டில்களைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன்.

செல்வி வீட்டில்தான் இருந்தாள். எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். நான் இரண்டு பாட்டிலையும் தரையில் வைத்து, பழைய கம்பு, புதுக் கம்பு, மருந்து என்று ஒரு பாடமே நடத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“அப்பம் எம்மேல தப்பு இல்லங்கிய.”

“இல்ல செல்வி. ஒண்ணும் இல்ல.”

“அதுதான் எனக்குத் தெரியுமேக்கா. எனக்குத் தெரிஞ்சதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் பாட்டிலத் தூக்கிட்டு வந்திய?”

அப்புறம்தான் நடந்ததைச் சொன்னாள். கூடத்திலிருந்து அனுப்பிய மூன்றாம் நாளே, பக்கத்துச் சந்தில் இட்லி அவிக்கும் வீட்டுக்கு வேலை கேட்டுப் போயிருக்கிறாள். தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து ஊரெல்லாம் சைக்கிளில் அனுப்பும் வீடுகளில் ஒன்று அது. முன்பு அங்கே மாவு கரைத்தவள்தான் செல்வி. ஆனால் அவளுக்கு முன்னால் பேச்சு அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. வேலை பார்த்த இடத்தில் தீனியில் விஷம் கலந்துவிட்டாளாம் என்று. இட்லி வீட்டம்மா திட்டவில்லை. “ஊரு தின்னுத சாமானம்ளா, நான் பயப்படுதேன்” என்று சொல்லி, கையில் நாலு இட்லி கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டாளாம்.

“நாலு எடத்துல கேட்டேன்க்கா. அப்பளம் போடுத வீட்டுலகூட எங்கையப் பாக்குதாவ” என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள்.

“நான் வேணா இட்லி வீட்டுல வந்து சொல்லுதேன்” என்றேன். எனக்கும் தாராவிப் பேச்சு வந்துவிட்டது.

“இங்க சொல்லி என்ன செய்ய? என் பையக் கவுத்தது அங்க. எல்லாரு முன்னாலயும் கவுத்தாவ. அங்க சொல்லச் சொல்லுங்க.”

மறுநாள் காலையில் கூடத்துக்கு வந்தால், ஐந்து பெண்களும் கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருந்தார்கள். கூட செல்வியும் இருந்தாள். மும்தாஜ் அவளைக் கையோடு அழைத்து வந்திருந்தாள்.

“அக்கா, இன்னிக்கு காம் பந்த், வேலை கிடையாது” என்றாள் மும்தாஜ். “சாப் கீழ வரட்டும். செல்வி முன்னாடி சொல்லட்டும். அப்புறம் ட்ரே தொடறோம்.”

நான் யாரையும் தூண்டிவிடவில்லை. அப்படித் தூண்டிவிட்டதாகப் பின்னால் ஒரு பேச்சு வந்தது, வந்தால் வரட்டும், எனக்கு அது பெருமைதான். ஆனால் நிஜம் என்னவென்றால், ஜன்னலில் இருந்த பாட்டில்களை அவர்களும் மூன்று நாள் பார்த்திருந்தார்கள். பூச்சியோடு வேலை செய்கிறவர்களுக்கு அதைப் புரியவைக்க இன்னொருத்தர் வேண்டியதில்லை.

இப்போது என் இக்கட்டைக் கேளுங்கள். உள்ளே கிரைசோ பொரித்து மூன்றாம் நாள். டப்பாவுக்கு நூறு புழு. காலைத் தீனி போட்டே ஆக வேண்டிய நாள். போடாவிட்டால் ஒன்றையொன்று தின்ன ஆரம்பிக்கும், மத்தியானத்துக்குள் பாதி காலி. சோலாப்பூர்ப் பக்கம் ஒரு மாதுளைத் தோட்டக்காரர் அந்தப் புழுவுக்காகக் காத்திருந்தார். முட்டை ஃப்ரிட்ஜில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சாவி என் இடுப்பில்.

மேனேஜரிடமிருந்து போன் வந்தது. “மேடம், நீங்களே உள்ள போய் ஃபீட் பண்ணிடுங்க. ஒரு மணி நேர வேலை. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்.”

ஒரு மணி நேர வேலைதான். முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட நான் புழுவைப் பட்டினி போட்டதில்லை. என் கல்யாண நாளன்றுகூடத் தீனி போட்டதா என்று கேட்டு ஆள் அனுப்பியவள். புழு என்ன பாவம் செய்தது, தோட்டக்காரர் என்ன பாவம் செய்தார் என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் நான் உள்ளே போய் அந்த ஒரு மணி நேர வேலையைச் செய்துவிட்டால், இந்தப் படியில் உட்கார்ந்திருக்கும் ஆறு பேரும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. மத்தியானம் வேறு ஆறு பேரைக் கொண்டுவருவார். ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்பது எந்த வருஷத்து அப்புறம் என்று எனக்குத் தெரியாதா?

“சாவி என்கிட்டதான் இருக்கு சார். நீங்க கீழ வந்து சொல்ல வேண்டியதச் சொன்னா, அடுத்த நிமிஷம் திறக்கறேன்” என்றேன்.

“மேடம், திஸ் இஸ் பிளாக்மெயில்.”

“அப்படியே வச்சுக்குங்க.”

போனை வைத்துவிட்டு நானும் படியில் உட்கார்ந்தேன். உங்களில் சிலர் இது தப்பு, உயிர்களைப் பட்டினி போடலாமா என்று கேட்பீர்கள். அந்தத் தோட்டக்காரரும் பிறகு கேட்டார், போனில் மராட்டியில் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். அவர் திட்டியது நியாயம், வாங்கிக்கொண்டேன். நான் செய்ததும் நியாயம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

ஒன்பது மணி ஆனது, பத்து ஆனது. எனக்குக் காதெல்லாம் கதவுக்கு உள்ளேதான். கிரைசோ புழு கடித்தால் சத்தம் வராது, ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தேன். மேலே ஜன்னலில் மேனேஜர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். ஹெட் ஆபீசிலிருந்து அவருக்கு என்ன போன் வந்ததோ தெரியாது, பத்தரைக்கு இறங்கி வந்தார்.

“லுக், ஒரு சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் ஆயிடுச்சு...” என்று ஆரம்பித்தார்.

மும்தாஜ் எழுந்துவிட்டாள். “மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் நஹி சாப். ஜூட் தா. ஜூட் போலோ.” பொய் என்று சொல்லுங்கள் என்கிறாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் இடுப்பில் சாவியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது உள்ளுக்குள் ஒரு கெத்து வேறு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். செல்வி பக்கம் திரும்பி, வேப்பிலை காரணம் இல்லை, கம்பில் மருந்து இருந்தது, அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை, பையைக் கவிழ்த்தது தவறு, இதை எழுத்தில் தருகிறேன், வேலைக்கு வரலாம் என்றார். குரல் சன்னமாகத்தான் இருந்தது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. சொல்லிவிட்டு நிற்காமல் மேலே போய்விட்டார்.

நான் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். “வா செல்வி, நேரமாச்சு” என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை.

“அவிய சொல்லிட்டாவ. நீங்க இன்னும் சொல்லலியே.”

“நான்தான் நேத்தே வீட்டுக்கு வந்து சொன்னேனே செல்வி.”

“கம்பப் பத்திச் சொன்னிய. வண்டப் பத்திச் சொன்னிய. உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலியே.”

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் அந்த மேனேஜரை மனசுக்குள் நிற்கவைத்துத் திட்டிக்கொண்டிருந்தேனே, அந்தத் திட்டில் பாதி எனக்குச் சேர வேண்டியது என்று அப்போதுதான் உறைத்தது. அவருக்கு வேப்பிலையைப் பற்றித் தெரியாது. எனக்குத் தெரியும். வண்டைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. என்னிடம் செல்வி சொன்னாள்.

‘சூழ்நிலை’ என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது, விழுங்கினேன்.

“மூட்டையில வண்டு இல்லன்னு நீ சொன்ன. நான் கேக்கல” என்றேன். “வேப்பிலையால சாகாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். என் வேலை போயிருமோன்னு பயந்து உன் பேரை எழுத விட்டேன். பொய் செல்வி. நான் போட்டது பொய்க் கையெழுத்து.”

ஆறுதலாக ஒரு வார்த்தை யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. ஒருத்தியும் சொல்லவில்லை.

செல்வி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

“சாவியத் தாங்க. உள்ள ஒண்ணையொண்ணு தின்னுட்டுக் கெடக்கும்.”